தரையை மாற்றும் முன் மலையைப் பாருங்கள்

வானொலியில் தினமும் நேயர்களோடு பேசிப் பேசி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தொலைபேசியில் யார் பேசினாலும் விஷயத்துக்கு முன்னால் குரலைக் கவனிப்பேன். சளி பிடித்திருக்கிறதா, தூங்கவில்லையா, அழுதுவிட்டுப் பேசுகிறார்களா என்பது ஓரளவு தெரிந்துவிடும். போன ஆண்டு இறுதியில் அம்மாவின் குரலில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை இருமல். மேலே கூடத்திலிருந்து பேசினால் குறைவாகவும், கீழறையிலிருந்து பேசினால் அதிகமாகவும் இருந்தது.

“ஒண்ணுமில்லம்மா, பனிதான்” என்றார் அம்மா. கேமரன் மலையில் எதற்கெடுத்தாலும் பனிதான் காரணம்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் 30 ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டத்தில் ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. சேமநிதிப் பணத்தைப் போட்டு ரிங்லெட் பக்கம் மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். சாலை மட்டத்தில் கூடமும் சமையலறையும் இருக்கின்றன. அங்கிருந்து 9 படி இறங்கினால் ஓர் அறை. அதன் முன்பக்கச் சன்னல் பள்ளத்தாக்கைப் பார்க்கும். பின்சுவரோ முழுக்க மண்ணுக்குள் புதைந்திருக்கும். மலையில் இப்படிப்பட்ட கீழறைகள் ஏராளம். எங்கள் வீட்டில் அது அம்மாவின் தையல் அறை. தீபாவளிக்கு முந்திய 2 மாதம் அம்மா சாப்பிடும் நேரம் தவிர அங்கேதான் இருப்பார். அந்த வருமானம்தான் அவருடைய கைச்செலவு. யாரிடமும் கேட்காமல் பேரப்பிள்ளைக்குப் பத்து வெள்ளி கொடுக்க அது வேண்டும்.

அந்த அறையின் தரையை நான் இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் கெடுத்தேன். மூன்றாவது முறை அப்பா குறுக்கே வந்தார். இந்த வாரம் அந்தக் கதைதான்.

இரண்டு முறை ஏமாந்த கதை

முதல் முறை, 3 ஆண்டுகளுக்கு முன், கையில் கொஞ்சம் போனஸ் இருந்தது. சிமெண்டுத் தரை அம்மாவின் காலுக்குக் குளிர்கிறதே என்று லேமினேட் பலகை வாங்கினேன். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பலகை. ஆணி வேண்டாம், பசை வேண்டாம். காணொளியைப் பார்த்து நானே ஒரே நாளில் 10 அடிக்கு 12 அடி அறையை முடித்துவிட்டேன். ஊடகத் துறைப் பட்டதாரிக்கு இது கூடத் தெரியாதா என்று பெருமை வேறு. அடுத்த மழைக்காலத்தில் பலகைகளின் ஓரம் அப்பளம்போல உப்பியது. லேமினேட்டின் உள்பகுதி மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்தது. ஒருமுறை தண்ணீர் குடித்து வீங்கினால் காய்ந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அதன் அடியில் போட்ட மெல்லிய ஃபோம் விரிப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இரண்டாம் முறை செலவைக் குறைக்க, பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் சுருட்டி வைத்திருக்கும் திக்கார் கெத்தாவை வாங்கி விரித்தேன். பார்க்க அழகாக இருந்தது. 4 மாதத்தில் ஈரத்துணி வாடை. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். பிளாஸ்டிக் விரிப்பு மேலிருந்து கொட்டும் தண்ணீரைத்தான் தடுக்கும். கீழிருந்து வரும் ஈரத்துக்கு அது ஒரு மூடி. மூடிய இடத்தில் பூஞ்சணம் நிம்மதியாக வளரும். அதற்கு மேலே உட்கார்ந்துதான் அம்மா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் ஈரமும் பூஞ்சணமும் இருந்தால் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா போன்ற சிக்கல்கள் அதிகரிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. ஆகவே இது தரை அழகாக இருக்கிறதா என்ற பிரச்சினை இல்லை.

“மலையைப் பார்த்தியா?”

மூன்றாவது முறை நான் டைல்ஸ் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்பா கேட்டார்: “தரையை மாத்துறே, சரி. மலையைப் பார்த்தியா?”

“தரைக்கும் மலைக்கும் என்னப்பா?”

“மழை வரட்டும். குடையை எடுத்துக்கிட்டு வா, காட்டுறேன்.”

அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். தேயிலைச் சரிவில் மழைநீர் வடிவதற்காகக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்கிறோம். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்த மலையில் தேயிலை நிற்கிறது என்றால், அதற்குக் கொழுந்து பறித்த கை மட்டும் காரணமில்லை, கான் வெட்டிய கையும் காரணம். தேயிலைக்கு நிறைய மழை வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் செடி செத்துப்போகும். “மழையை நிறுத்த முடியாது. அது போற வழியை நாமதான் காட்டணும். வீடும் அப்படித்தாம்மா” என்றார்.

அன்று பிற்பகல் நல்ல மழை. இருவரும் குடையோடு வீட்டின் பின்பக்கம் போனோம். பத்தே நிமிடத்தில் 3 குற்றவாளிகள் அகப்பட்டார்கள். பின்பக்கக் கூரையின் தகரத் தாழ்வாரம் துருப்பிடித்து ஓட்டையாகி, தண்ணீர் நேராகச் சுவரின் காலில் கொட்டியது. சுவரை ஒட்டிய சிமெண்டுக் கான் மண்ணாலும் இலையாலும் தூர்ந்து கிடந்தது. அதோடு, ஆண்டாண்டாக மேலிருந்து சரிந்த மண் சேர்ந்து, பின்பக்க நிலம் சுவரை நோக்கியே சாய்ந்திருந்தது. அதாவது மலை தன் தண்ணீரை எங்கள் கீழறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். பின்பக்கக் கூரை 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகலில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இவ்வளவையும் ஒரு சுவரின் காலில் கொட்டிவிட்டு, உள்ளே விலை உயர்ந்த பலகை போட்டால் என்ன ஆகும்?

ஈரம் எங்கிருந்து வருகிறது?

எல்லா வீட்டிலும் காரணம் ஒன்றாக இருக்காது. தரையைத் தொடும் முன் இவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

முதலில் குழாய். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றினால் எங்கோ குழாய் ஒழுகுகிறது.

அடுத்து, சுவர் நனைவது வெளியீரத்தாலா, அறையின் காற்றில் உள்ள ஈரத்தாலா? சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளை ஒரு முழம் வெட்டி, சுவரில் நான்கு ஓரமும் இறுக்கமாக டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் முத்து பிடித்தால் அது காற்றின் ஈரம். குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவரைப் பார்த்த உள்பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து கசிகிறது.

தரைக்கும் இதே போல ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அடி சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் சிமெண்டுத் தரையில் நாற்புறமும் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ தரைக்குள்ளிருந்து ஈரம் ஏறுகிறது. சுவரின் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். தண்ணீர் சிமெண்டு வழியாக வந்து, உப்பை வெளியே விட்டுவிட்டு ஆவியாகிப் போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் சுவரும் நனைந்தது, தரையும் கறுத்தது. மழை பெய்த மறுநாள் அதிகம், வெயிலடித்த வாரத்தில் குறைவு. வெளித்தண்ணீர்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

“உள்பக்கம் நீர் தடுக்கும் பெயிண்டை அடித்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வெளியே மண் தண்ணீரில் ஊறி நிற்கும்போது அது சுவரை அழுத்துகிறது. உள்ளே அடித்த பெயிண்டு அந்த அழுத்தத்தில் கொப்புளித்து உரிந்துவிடும். வெளியே தண்ணீரைத் திருப்பிய பிறகு பூசினால்தான் அது நிற்கும்.

வெளியே செய்த வேலை

பழைய தாழ்வாரத்தைக் கழற்றிப் பிவிசி தாழ்வாரம் மாட்டினோம். அதிலிருந்து இறங்கும் குழாயை வீட்டைத் தாண்டிப் பொதுக்கானில் கொண்டு போய்விட்டோம். தூர்ந்த கானைச் சுரண்டி 14 சாக்கு மண்ணும் குப்பையும் எடுத்தோம். பிறகு சுவர் ஓரத்தில் மண்ணைக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீர் சுவரைவிட்டு விலகிக் கானுக்குள் ஓடும்படி சாய்வு கொடுத்தோம்.

ஒரு மூலையில் மட்டும் நிலத்துக்குள்ளிருந்து நீர் ஊறியது. அங்கே ஒரு முழ ஆழத்துக்குச் சிறிய பள்ளம் எடுத்து, வடிதுணி விரித்து, துளை போட்ட குழாயை வைத்துச் சரளைக்கல்லால் மூடினோம். ஆங்கிலத்தில் இதைப் பிரெஞ்ச் டிரெய்ன் என்கிறார்கள். பிரான்சு நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹென்றி ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கர் 1859-இல் விவசாய நில வடிகால் பற்றி எழுதிய நூலால் வந்த பெயர். அப்பாவிடம் சொன்னேன். “நாங்க பேர் வைக்காமலே வெட்டினோம்” என்று சிரித்தார்.

ஓர் எச்சரிக்கை. சரிவின் அடிவாரத்தையோ தடுப்புச் சுவரின் காலையோ ஆழமாகத் தோண்டாதீர்கள். அது மலையின் முட்டு. அதை எடுத்தால் மலையே இறங்கும்.

பழைய தரையை எடுக்கும்போது

இரண்டு மழை வந்து போகும் வரை காத்திருந்தோம். சுவர் முன்போல நனையவில்லை. அதன் பிறகுதான் தரையில் கை வைத்தேன்.

ஈரத் தரையில் இறங்கும் முன் அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே அணைத்துவிடுங்கள். தரையில் கிடக்கும் நீட்டுக்கம்பியைக் காலால் தள்ளும் வேலையே வேண்டாம். கையுறை, கண்ணாடி, என்95 முகக்கவசம் அவசியம். பூஞ்சணம் படிந்த விரிப்பை உதறாமல் மெதுவாகச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, சன்னல் வழியாகவோ பக்கத்து வாசல் வழியாகவோ வெளியேற்றுங்கள். வீட்டுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அம்மாவை அன்று அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் அருகில் இருக்கக்கூடாது.

நனைந்த பலகை, ஃபோம், அட்டை, மெத்தை போன்றவற்றைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சிமெண்டுத் தரையைச் சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். குளோரொக்ஸ் போன்ற பிளீச் பயன்படுத்தினால் தண்ணீரில் கலந்து, கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கழிப்பறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். பூஞ்சணம் 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ளவரைக் கூப்பிடலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆலோசனை.

பழைய வீடுகளில் 9 அங்குலச் சதுர வினைல் துண்டுகளும் அவற்றின் அடியில் கறுப்புப் பசையும் இருந்தால் நிறுத்துங்கள். அந்தக் காலப் பொருள்களில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

காய்வதற்குக் காலம் கொடுங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறோம். புதிய சிமெண்டுத் தரை 1 அங்குலம் காய ஏறத்தாழ 1 மாதம் என்பது கட்டுமானத்தில் சொல்லும் பொதுக் கணக்கு. ஊறிய பழைய தரைக்கும் பொறுமை வேண்டும். கீழே தாப்பாவில் காய்வதுபோல மேலே காயாது. சன்னலை எப்போதும் திறந்து வைத்தால் காயும் என்று நினைத்தேன். மாலையில் மூடுபனி இறங்கும்போது திறந்து வைத்தால் வெளியீரம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் உள்ள காலை நேரத்தில் திறந்து, பனிக்கு முன் மூடி, மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் போட்டோம். கருவியை நண்பரிடம் இரவல் வாங்கினேன். முதல் வாரம் தினமும் அதன் தொட்டி நிறைந்தது. 6 வாரம் கழித்துப் பிளாஸ்டிக் தாள் சோதனையை மறுபடி செய்தேன். துளி இல்லை.

எந்தத் தரை?

மண்ணை ஒட்டிய அறைக்குத் தண்ணீர் பட்டால் கெடாத தரைதான் சரி. சிமெண்டுப் பசையில் ஒட்டிய டைல்ஸ், அல்லது நன்றாக மெருகேற்றிய வெறும் சிமெண்டுத் தரை. லயத்து வீடுகளில் இருந்த சிவப்புச் சிமெண்டுத் தரை ஞாபகம் இருக்கிறதா? துடைத்தால் முகம் தெரியும். அதை யாரும் கழற்றி எறிந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் வழுக்காத 1 அடி டைல்ஸ் வாங்கினோம். 120 சதுர அடிக்கு 120 துண்டு. உடைவதற்கும் வெட்டுவதற்கும் 10 விழுக்காடு கூட்டி 132. முதலில் ரசமட்டம் வைத்துத் தரையின் பள்ளங்களைச் சிமெண்டுக் கலவையால் சரி செய்தோம். அறையின் நடுவில் நூல் கட்டி, பசை இல்லாமல் ஒருமுறை அடுக்கிப் பார்த்து, பிறகு பல் வைத்த கரண்டியால் பசை பரப்பி ஒட்டினோம். சுவர் ஓரத்தில் கால் அங்குல இடைவெளி விட்டோம். மறுநாள் இடுக்குகளைப் பூசினோம். இரண்டு வார இறுதி ஆனது. ஓரத்தில் 4 துண்டு கோணல். அதன் மேல் துணி அலமாரியை வைத்துவிட்டேன்.

காலுக்குக் குளிருமே என்ற கவலைக்கு, தையல் இயந்திரத்தின் அடியில் ஒரு சிறிய விரிப்பு. வாரம் ஒருமுறை வெயிலில் உதறிப் போடலாம். அலமாரியையும் பின்சுவரிலிருந்து அரை அடி தள்ளியே வைத்திருக்கிறோம், காற்றோட்டத்துக்காக.

நீங்களே செய்யக் கூடாத நேரம்

சுவரில் விரிசல் வாரத்துக்கு வாரம் அகலமானால், கதவு திடீரென்று மூட மறுத்தால், மேலே மரமோ கம்பமோ சாய்ந்தால், தெளிந்த நீர் வந்த இடத்தில் சேற்று நீர் வந்தால், அது தரைப் பிரச்சினை அல்ல. மலை நகர்கிறது. ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி 999-க்கு அழையுங்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலை பெர்த்தாம் வேலியில் வந்த சேற்று வெள்ளத்தையும், 2014 நவம்பரில் ரிங்லெட் வட்டாரத்தில் நடந்ததையும் மறந்தவர் இங்கே யாரும் இல்லை. உயிர்கள் போயின. மேலே காடு அழிந்து, சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரைத் தோட்டங்கள் வந்தால் மழையை உறிஞ்ச மண் ஏது? அந்தத் தண்ணீருக்கு ஒரு வீட்டுக் கான் போதாது. அதை மாவட்ட மன்றத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து எழுதினால் நல்லது.

இன்னும் தோட்ட வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சொந்தக் காசில் தரையை உடைக்கும் முன் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தான் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியிடம்தான் கொடுத்திருக்கிறது. பதில் வரவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவை நாடலாம். ஈரச்சுவரின் படத்தைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் இருமல் முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் காட்டி மருந்து எடுத்துக்கொள்கிறார். ஆனால் போன வாரம் கீழறையிலிருந்து அழைத்து, ஒரு வாடிக்கையாளர் கூலி பாக்கி வைத்ததைப் பற்றி 20 நிமிடம் மூச்சு விடாமல் திட்டினார். இடையில் இரண்டே முறைதான் இருமினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

அப்பா மட்டும் இன்னும் மழை வந்தால் குடையோடு பின்பக்கம் போகிறார். கானில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். “தரை போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதே லா. கானைப் பார்க்கிற வேலைதான் வேலை” என்கிறார். அடுத்த மழை எப்படியும் வரும். நீங்களும் ஒருமுறை குடையோடு வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.